சூடான எஞ்சினின் சாட்சியம்: சப்ரகமுவ மலை வீதிகளில் பழைய மஸ்டா ஆர்.எக்ஸ்-8

எஞ்சினில் கோளாறு உண்டென்று விற்பவரே ஒப்புக்கொள்ளும் பழைய ரோட்டரி எஞ்சின் காரொன்றை வாங்கலாமா என்ற கேள்வி, ஏனைய பழைய கார்களைப் பற்றி எழும் கேள்வியைப் போலவே தோன்றினாலும், அதற்கு விடை காணும் முறை வேறானது. பிஸ்டன் எஞ்சினில் எத்தனையோ பாகங்களுள் ஒன்று பழுதடைந்திருக்கும். அதைக் கண்டுபிடித்து மாற்றினால் கார் மீண்டும் ஓடும். ரோட்டரி எஞ்சினின் கோளாறுகளோ பெரும்பாலும் இரண்டு வகைக்குள் அடங்கிவிடுகின்றன: வெளியே பொருத்தப்பட்ட கொயில், பிளக், பெட்டரி, ஸ்டார்ட்டர் போன்றவை தளர்ந்திருப்பது ஒன்று, உள்ளே காற்றையும் பெற்றோலையும் கசியவிடாமல் அடைத்து வைக்கும் சீல்கள் தேய்ந்து, கராஜ்களில் கம்ப்ரஷன் எனப்படும் அமுக்கம் குறைந்திருப்பது மற்றொன்று. முதல் வகை ஓரிரு நாளில் முடியும் வேலை. இரண்டாவது, எஞ்சினை இறக்கி முழுவதுமாகத் திறந்து கட்ட வேண்டிய வேலை. வாங்குபவரின் பணம் தப்புமா தப்பாதா என்பது, முன்னால் நிற்கும் கார் இவ்விரண்டில் எவ்வகையைச் சேர்ந்தது என்று பணம் கைமாறும் முன்னரே அறிந்துகொள்வதில்தான் தங்கியிருக்கிறது.

இங்கு மதிப்பிடப்படும் கார், 2003இல் அறிமுகமாகி 2012இல் உற்பத்தி நிறுத்தப்பட்ட மஸ்டா ஆர்.எக்ஸ்-8 ஆகும். பின்கதவுகள் எதிர்ப்புறமாகத் திறப்பதும், எடை முன் பின் சக்கரங்களுக்கிடையே சரிபாதியாகப் பகிரப்பட்டிருப்பதும், ஆறு கியர் மாதிரியில் எஞ்சின் நிமிடத்துக்கு 9,000 சுற்று வரை செல்வதும் இக்காரை விரும்புவோர் அனைவரும் அறிந்தவையாதலால் அவற்றை மீண்டும் அடுக்க வேண்டியதில்லை. இரத்தினபுரியிலிருந்து பெல்மடுளை, பலாங்கொடை வழியாகப் பெலிஹுல்ஓயா வரையிலும், மறுபுறம் காவத்தை, இறக்குவானைத் தோட்ட வீதிகளிலும் வாரக்கணக்கில் ஓட்டிப் பழகியபோது, மற்றெல்லாப் பண்புகளையும் பின்தள்ளிவிட்டு முன்னே வந்து நின்றது ஒன்றே: சூடேறிய பின் மறுபடி ஸ்டார்ட் ஆக மறுக்கும் குணம். விடியற்காலையில் சாவியைத் திருப்பியவுடன் உயிர்பெறும் அதே எஞ்சின், பலாங்கொடை ஏற்றத்தை முடித்துத் தேநீர்க் கடையொன்றின் முன் கால்மணி நேரம் நின்ற பிறகு, ஸ்டார்ட்டர் நெடுநேரம் சுழன்றும் பற்றிக்கொள்வதில்லை. இதன் காரணத்தை விளங்கிக்கொள்பவருக்கு வாங்கும் முடிவின் பெரும்பகுதி தெளிவாகிவிடும்.

ரோட்டரி எஞ்சினில் பிஸ்டனோ, வால்வோ, கெம்ஷாஃப்டோ இல்லை. நடுவில் சற்றே ஒடுங்கிய நீள்வட்டம் போன்ற உட்குழிவு கொண்ட உறைக்குள், வளைந்த பக்கங்களையுடைய முக்கோண வடிவ ரோட்டர் ஒன்று, அச்சு விலகிய தண்டின்மேல் அமர்ந்து சுழல்கிறது. ரோட்டரின் ஒவ்வொரு பக்கத்துக்கும் உறைச் சுவருக்கும் இடையிலுள்ள அறை, சுழற்சியின் போக்கில் பெரிதாகியும் சிறிதாகியும், காற்றை உள்ளிழுத்தல், அமுக்குதல், எரித்தல், வெளியேற்றல் ஆகிய நான்கு வேலைகளையும் வரிசையாகச் செய்கிறது. ரோட்டர் ஒரு முறை சுழலும்போது தண்டு மூன்று முறை சுழல்வதால், மானி 9,000 காட்டும் வேளையிலும் ரோட்டர் நிமிடத்துக்கு 3,000 முறையே சுழல்கிறது. மேலும் கீழும் பாய்ந்து திசைமாறும் பாகம் எதுவும் இல்லாததால் அதிர்வு மிகக் குறைவு. ஆர்.எக்ஸ்-8இல் இத்தகைய ரோட்டர்கள் இரண்டு உள்ளன. முக்கோணத்தின் மூன்று முனைகளிலும் பதிக்கப்பட்டிருக்கும் மெல்லிய உலோகப் பட்டைகளுக்கு முனைச்சீல் என்று பெயர். அவையே ஓர் அறையை அடுத்த அறையிலிருந்து பிரிக்கின்றன. இரண்டு ரோட்டர்களுக்கும் சேர்த்து ஆறு முனைச்சீல்களும், பக்கவாட்டில் கசிவைத் தடுக்கும் பன்னிரண்டு பக்கச்சீல்களும் உண்டு. எஞ்சினின் ஆயுள் என்று பேசப்படுவதெல்லாம் இச்சீல்களினதும், அவை உரசிச் செல்லும் சுவர்களினதும் ஆயுளேயாகும்.

இச்சிக்கல் இவ்வெஞ்சினோடு கூடவே பிறந்தது. ஜெர்மானியரான ஃபெலிக்ஸ் வாங்கெல் உருவாக்கிய இவ்வகை எஞ்சினின் முதல் மாதிரி 1957இல் என்.எஸ்.யூ. நிறுவனத்தில் ஓடியது. அந்நிறுவனம் 1967இல் வெளியிட்ட ரோ 80 என்ற கார் மறு ஆண்டிலேயே ஐரோப்பாவின் ஆண்டின் சிறந்த கார் என்ற விருதைப் பெற்றபோதிலும், சீல்கள் தேய்ந்து திரும்பி வந்த எஞ்சின்களை உத்தரவாதத்தின் கீழ் மாற்றிக் கொடுத்ததில் நிறுவனம் நலிவுற்று, 1969இல் ஃபோக்ஸ்வாகன் குழுமத்துக்குள் இணைந்தது. ஹிரோஷிமாவில் அதே எஞ்சினின் உரிமத்தைப் பெற்ற மஸ்டா, கெனிச்சி யமமோட்டோ தலைமையில் 47 பொறியியலாளர்களைக் கொண்டு ஆராய்ந்தது. உறைச் சுவரில் முனைச்சீல்கள் அதிர்ந்து இழைத்த கீறல்களைச் சாத்தானின் நகக்கீறல்கள் என்று அவர்கள் அழைத்தனர். கார்பனோடு அலுமினியம் சேர்த்துச் செய்த சீல்களால் அக்குறையை வென்று, 1967இல் காஸ்மோ ஸ்போர்ட் காரை வெளியிட்டனர். 1991இல் லு மான்ஸ் 24 மணி நேரப் பந்தயத்தை நான்கு ரோட்டர் கொண்ட 787பி கார் வென்றது, உலகின் ஏனைய நிறுவனங்கள் கைவிட்ட ஓர் எஞ்சினைத் தனியே நின்று காத்த மஸ்டாவின் உழைப்புக்குக் கிடைத்த நியாயமான வெகுமதி. அந்தப் பிடிவாதத்தை மதிக்காமல் ஆர்.எக்ஸ்-8 பற்றி நேர்மையாக எழுத இயலாது; அதே நேரம், அந்த மதிப்பின் பெயரால் காரின் குறையை மறைப்பதும் நேர்மையாகாது.

ஆர்.எக்ஸ்-8இல் உள்ள ரெனிசிஸ் எனப்படும் எஞ்சினில், முந்தைய ரோட்டரிகளில் வெளிச்சுற்றுச் சுவரில் இருந்த புகை வெளியேறும் துளைகள் பக்கச் சுவருக்கு மாற்றப்பட்டன. புகையில் எரியாத பெற்றோலின் அளவு அதனால் குறைந்தது. 2003ஆம் ஆண்டின் சிறந்த எஞ்சினுக்கான சர்வதேச விருதும் கிடைத்தது. ஆனால் சூடான புகை பக்கச்சீல்களைக் கடந்தே வெளியேற வேண்டியிருப்பதால், கரி படிந்து அவை இறுகிப்போகும் வாய்ப்பும் கூடியது. முனைச்சீல்களுக்கு மசகாக எஞ்சின் ஒயிலையே சிறிது சிறிதாக அறைக்குள் செலுத்தி எரிப்பது ரோட்டரியின் இயல்பு. 2009ஆம் ஆண்டு மாதிரியிலிருந்து ஒரு ரோட்டருக்கு இரண்டாக இருந்த ஒயில் துளைகளை மூன்றாக உயர்த்தியது, முந்தைய அமைப்பில் மசகு போதவில்லை என்பதை உணர்த்துகிறது. அமெரிக்காவில் 2004 முதல் 2008 வரையான மாதிரிகளின் எஞ்சின் உட்பாகங்களுக்கு 8 ஆண்டு அல்லது 100,000 மைல் என உத்தரவாதத்தை மஸ்டா பின்னர் நீட்டித்துக் கொடுத்ததும் இதே குறையின் விளைவு. இலங்கையில் இக்காரை இன்று வாங்குபவருக்கு அப்படிப்பட்ட பாதுகாப்பு எதுவும் இல்லை.

சூட்டில் ஸ்டார்ட் ஆகாமைக்கு வருவோமாயின், அதன் பொறிமுறை எளியது. எஞ்சின் குளிர்ந்திருக்கும்போது கெட்டியான ஒயில் தேய்ந்த சீலுக்கும் சுவருக்கும் இடையிலுள்ள நுண்ணிய வெளியை நிரப்பிவிடுவதால், தேய்ந்த எஞ்சினுக்கும் போதிய கம்ப்ரஷன் கிடைத்துவிடுகிறது. சூடேறிய பின் ஒயில் நீராக இளகுகிறது, உலோகங்கள் விரிந்து இடைவெளிகள் மாறுகின்றன, உள்ளே வரும் காற்றும் சூட்டால் அடர்த்தி குறைகிறது, ஸ்டார்ட்டரின் வேகமும் தளர்கிறது; இவை அனைத்தும் ஒன்றுசேர, பற்றுவதற்கு வேண்டிய அமுக்கம் எட்டப்படுவதில்லை. ஒருமுறை ஓடத் தொடங்கிவிட்டாலோ, சுழற்சியின் விசையும் எரிந்த வாயுவின் அழுத்தமும் சீல்களைச் சுவரோடு அழுத்திப் பிடிப்பதால், கார் ஏறத்தாழ நன்றாகவே ஓடுகிறது. ஆகவே, பழைய கார் வாங்குவோர் வழக்கமாக நம்பும் இரண்டு சோதனைகளும், அதாவது காலையில் ஸ்டார்ட் செய்து பார்ப்பதும் ஒரு சுற்று ஓட்டிப் பார்ப்பதும், ரோட்டரியின் உண்மை நிலையைக் காட்டும் வலுவற்றவை. எஞ்சின் முழுச் சூட்டை அடைந்த பின் நிறுத்தி, பத்துப் பதினைந்து நிமிடம் காத்திருந்து, சமதரையில் மறுபடி ஸ்டார்ட் செய்து பார்ப்பதே முதற் சோதனை. ஓரிரு நொடிகளில் பற்றிக்கொண்டால் நம்பிக்கைக்கு இடமுண்டு. ஐந்து நொடிக்கு மேல் இழுத்தால் மேற்கொண்டு அளந்து பார்க்காமல் விலை பேசக் கூடாது.

இக்குறையோடு வாழப் பழகிய உரிமையாளர்களின் வழக்கங்களே அதைக் காட்டிக்கொடுக்கின்றன. கியர் காரை எப்போதும் இறக்கத்தில் முன்பக்கம் கீழ்நோக்க நிறுத்துவது, பெற்றோல் நிலையத்தில் எஞ்சினை நிறுத்தத் தயங்குவது, பார்க்க வருபவரை வெயில் ஏறும் முன் வரச் சொல்வது, பிளக் மாற்றினால் சரியாகிவிடும் என்று சொல்லியும் தாமே அதை மாற்றாமல் விற்பது ஆகியவை கவனத்துக்குரியவை. மஸ்டா பிற்காலத்தில் அறிமுகப்படுத்திய வேகமான ஸ்டார்ட்டரைப் பொருத்தியிருப்பது தன்னளவில் நல்ல திருத்தமே. ஆயினும் கூடிய வேகத்தில் சுழற்றுவது குறைந்த கம்ப்ரஷனைச் சில மாதங்களுக்கு மறைத்துவிடும் என்பதையும் நினைவிற்கொள்ள வேண்டும். இரத்தினபுரியில் மாணிக்கக்கல் வாங்குபவர் எவரும் விளக்கொளியில் மட்டும் பார்த்துப் பணம் கொடுப்பதில்லை, பகல் வெளிச்சத்தில் திருப்பித் திருப்பிப் பார்த்து, சூடேற்றி நிறம் மாற்றிய கல்லா என்றும் விசாரித்த பின்னரே விலை சொல்கிறார். அதே ஊரில் அதே பணத்தைக் கொண்டு ரோட்டரி கார் வாங்குபவரிடமும் அந்த விழிப்பு இருக்க வேண்டும்.

இரண்டாவது சோதனை கம்ப்ரஷனை எண்ணால் அளப்பது. பிஸ்டன் எஞ்சினுக்கான சாதாரண மானி ரோட்டரிக்குப் பொருந்தாது. ஒரே பிளக் துளையின் முன்னால் மூன்று அறைகள் அடுத்தடுத்துக் கடந்து செல்வதால், அம்மானி மூன்றில் மிகச் சிறந்த அறையின் அளவை மட்டும் பிடித்து வைத்துக்கொண்டு ஏனைய இரண்டையும் மறைத்துவிடும். மூன்று அறைகளையும் தனித்தனியே பதிவுசெய்து, ஸ்டார்ட்டர் சுழன்ற வேகத்தையும் கூடவே காட்டும் ரோட்டரி மானியே இதற்குரியது. ஸ்டார்ட்டர் நிமிடத்துக்கு 250 சுற்றில் சுழலும் நிலையில், ஆர்.எக்ஸ்-8 எஞ்சினுக்கு மஸ்டா வகுத்த நியம அளவு 830 கிலோபாஸ்கல். ஏற்கத்தக்க கீழெல்லை 680 கிலோபாஸ்கல். ஒரே ரோட்டரின் அறைகளுக்கிடையே 150க்கு மேலும், இரு ரோட்டர்களுக்கிடையே 100க்கு மேலும் வேறுபாடு இருக்கலாகாது. வேகம் குறிப்பிடப்படாத எண்ணுக்கு மதிப்பில்லை. 300 சுற்றில் பெற்ற 700 என்பது 250 சுற்றுக்குத் திருத்தப்படும்போது எல்லைக்குக் கீழே சென்றுவிடக்கூடும். எஞ்சின் குளிர்ந்த நிலையில் எடுத்த அளவுக்கும் அதே கதிதான்.

எண்களின் அமைப்பும் பேசும். முனைச்சீல் ஒன்று இரண்டு அறைகளுக்குப் பொதுவான எல்லையாதலால், ஒரு ரோட்டரில் இரண்டு அறைகள் தாழ்ந்தும் ஒன்று மட்டும் நன்றாகவும் இருந்தால் அம்முனைச்சீல் உடைந்திருக்கிறது அல்லது இறுகியிருக்கிறது என்று கொள்ளலாம். அத்தகைய எஞ்சினைத் தொடர்ந்து ஓட்டினால் உடைந்த துண்டு சுவரையும் சிதைக்கும். ஆறு அறைகளும் ஒரே சீராகத் தாழ்ந்திருந்தால் அது பொதுவான தேய்வு அல்லது பக்கச்சீல்களின் தளர்ச்சி. அவ்வெஞ்சின் இன்னும் சில காலம் ஓடக்கூடும், ஆனால் எவ்வளவு காலம் என்று எவரும் உறுதி கூற முடியாது. ரோட்டரி மானி கிடைக்காத இடத்தில், பெற்றோல் வருகையைத் துண்டித்து, ஒரு ரோட்டரின் பிளக்கை அகற்றி ஸ்டார்ட்டரைச் சுழற்றி, வெளிவரும் காற்றின் ஓசையைக் கைத்தொலைபேசியில் பதிவுசெய்து கேட்கலாம். மூன்று வீச்சுகளும் சமமாக ஒலித்தால் ஆறுதல். ஒன்று வலுத்தும் இரண்டு மெலிந்தும் ஒலித்தால் அங்கேயே நிறுத்திக்கொள்ளலாம். இம்முறை உடைந்த சீலைக் காட்டுமே தவிர, சீரான தேய்வைக் காட்டாது என்ற வரம்பை மறக்கக் கூடாது.

சூட்டில் நன்றாக ஸ்டார்ட் ஆகிற, ஆனால் ஏற்றத்தில் இழுவை குறைந்து குலுங்குகிற காரைப் பார்த்து அஞ்ச வேண்டியதில்லை. ஒவ்வொரு ரோட்டருக்கும் இரண்டாக நான்கு பிளக்குகளும் நான்கு கொயில்களும் இக்காரில் உள்ளன. கொயில்கள் விரைவில் தளர்பவை என்பது பரவலாக அறியப்பட்ட குறை. கீழ்ப் பிளக்கும் மேல் பிளக்கும் வெவ்வேறு வகையினவாதலால், இடம் மாற்றிப் பூட்டினாலும் கோளாறு தோன்றும். பற்றாத பெற்றோல் புகைக்குழாயிலுள்ள வினையூக்கிக்குள் சென்று எரிந்து அதை உருக்கி அடைத்துவிட்டால், எஞ்சின் மூச்சுத் திணறி, 5,000 சுற்றுக்கு மேல் ஏற மறுக்கும். இவை செலவு வைப்பவையாயினும் எஞ்சினைத் திறக்காமலே தீர்க்கக்கூடியவை. இதற்கு மாறாக, ரேடியேட்டர் நீர் காரணமின்றிக் குறைவதும், நீர்க்கலனில் குமிழ்கள் எழுவதும், காலையில் இனிப்பு வாடையுள்ள வெண்புகை நீண்ட நேரம் வருவதும், உறைகளுக்கிடையே நீரைத் தடுக்கும் இறப்பர் வளையங்கள் போய்விட்டதற்கு அடையாளங்கள். ஒருமுறை அளவுக்கு மீறிச் சூடேறினாலே இவ்வளையங்கள் கெடும்; கம்ப்ரஷன் எண் நன்றாக இருந்தாலும் இக்காரை மறுத்துவிடுவதே முறை.

சப்ரகமுவ மாகாணத்தின் வாழ்க்கை முறை ரோட்டரிக்கு ஏற்படுத்தும் தீங்குகளும் உண்டு. குளிர்ந்த எஞ்சினை ஸ்டார்ட் செய்து, சில மீற்றர் நகர்த்தி, உடனே நிறுத்துவதே அதற்கு மிகக் கெட்ட பழக்கம். தொடக்கத்தில் மிகுதியாகச் செலுத்தப்படும் பெற்றோல் எரியாமல் தங்கி, சீல்களின் மேலுள்ள ஒயிலைக் கழுவிவிடுவதால், அடுத்த முறை எஞ்சின் பற்றாது. பெற்றோல் மூழ்குதல் என்று இந்நிலையைக் கூறலாம். ஒற்றை வழித் தோட்டப் பாதையில் கொழுந்து லொறிக்கு வழிவிடக் காரைக் கொஞ்சம் ஒதுக்கி நிறுத்துவது அன்றாட நிகழ்ச்சி. ஒவ்வொரு முறையும் எஞ்சினைச் சூடேறும் வரை ஓடவிட்டு நிறுத்தும் பொறுமை உரிமையாளருக்கும், அவர் இல்லாதபோது சாவியை எடுக்கும் வீட்டாருக்கும் இருந்தாக வேண்டும். மூழ்கிவிட்டால், எக்சலேட்டரை முழுவதுமாக மிதித்தபடி ஸ்டார்ட்டரைச் சுழற்றினால் பெற்றோல் செலுத்துகை நின்று அறைகள் உலரும். கொழும்பிலிருந்து வரும் ஏ4 வீதியில் பாரவூர்திகளின் பின்னால் உயர்ந்த கியரில் தாழ்ந்த சுற்றில் இழுத்துச் செல்வதும் கரி படிய வழிசெய்கிறது. நன்கு சூடேறிய பின் ஒவ்வொரு பயணத்திலும் ஒருமுறையேனும் எஞ்சினை உச்சச் சுற்றுவரை ஏற்றுவது இக்காருக்குத் தண்டனையன்று, பராமரிப்பு. புல் வெட்டும் இயந்திரத்துக்காகத் தோட்டக் கடைகளிலும் கிடைக்கும் 2டி ஒயிலை, 200 பங்கு பெற்றோலுக்கு ஒரு பங்கு என்ற அளவில் கலந்து ஊற்றுவதும் ரோட்டரி உரிமையாளர் பலரின் வழக்கம். கையேட்டில் இடம்பெறாத இவ்வழக்கம் முனைச்சீல்களுக்கு மேலதிக மசகைத் தருகிறது. களு கங்கை பெருகி இரத்தினபுரி நகர் மூழ்கிய 2003, 2017 ஆகிய ஆண்டுகளைப் போன்ற வெள்ளங்களை இக்கார் கண்டிருக்கிறதா என்பதையும், ஆசனத் தண்டவாளங்களின் துருவையும் கம்பளத்தின் அடியையும் பார்த்து அறிய வேண்டும்.

விற்பனை விளம்பரங்களில் இக்காரை 1,300 சி.சி. கார் என்று குறிப்பிடும் வழக்கம் கண்டிக்கத்தக்கது. 1,308 என்ற எண், ஒரு ரோட்டருக்கு ஓர் அறையை மட்டும் கணக்கிட்டுப் பெறப்பட்டது; நான்கு வீச்சு பிஸ்டன் எஞ்சினோடு ஒப்பிடும்போது அது 2,600 சி.சி.க்கு நிகரான காற்றை உட்கொள்கிறது. ஜப்பானிலும் ரோட்டரியின் கொள்ளளவை ஒன்றரை மடங்காகக் கொண்டே வாகன வரி விதிக்கப்படுகிறது. சிறிய எஞ்சின் என்று நம்பி வாங்குபவர், லீற்றருக்கு ஏறத்தாழ ஏழு கி.மீ. ஓடும் காரைப் பெறுகிறார். 2022இல் எரிபொருள் அட்டை முறை தொடங்கியபோது காருக்கு வாரத்துக்கு 20 லீற்றர் ஒதுக்கப்பட்டது. அந்த ஒதுக்கீட்டைக் கொண்டு இக்கார் இரத்தினபுரியிலிருந்து கொழும்புக்குச் சென்று திரும்புவதுகூட முடியாது. 95 ஒக்டேன் பெற்றோலை விரும்பும் எஞ்சினுக்கு, தோட்டப் பகுதிகளிலுள்ள எல்லா நிலையங்களிலும் அது கிடைக்காததும் ஒரு சுமை. சில ஆயிரம் கி.மீற்றருக்குள் ஒரு லீற்றர் ஒயிலைக் குடிப்பது குறையன்று, அமைப்பு; அளவுக்கோலை உருவிப் பார்க்காத உரிமையாளரிடம் இருந்த ரோட்டரியை வாங்கவே கூடாது.

இத்தனைக்கும் பிறகு இக்காரை ஏன் எவரும் விரும்ப வேண்டும் என்பதற்கு, பெலிஹுல்ஓயாவுக்கு அப்பால் ஹல்துமுல்லையை நோக்கி ஏறும் வளைவுகள் விடை தருகின்றன. சிறிய, கனமற்ற எஞ்சின் முன் அச்சுக்குப் பின்னால் தாழ்வாக அமர்ந்திருப்பதால், ஸ்டியரிங்கைத் திருப்பிய கணமே முன்பக்கம் தயக்கமின்றி வளைவுக்குள் நுழைகிறது. மூன்றாம் கியரில் சுற்று 6,000ஐக் கடக்கும்போது பிஸ்டன் எஞ்சின்களில் எழும் இரைச்சலும் நடுக்கமும் இங்கு இல்லை. ஒலி மட்டும் மெல்ல உயர்ந்து, எல்லையை நெருங்கும்போது எச்சரிக்கை மணி ஒலிக்கும் வரை விசை குறையாமல் வருகிறது. இதே விலைக்குக் கிடைக்கும் எந்தப் பழைய காரிலும் இவ்வனுபவம் இல்லை. நான்கு பேர் அமரவும் முடிகிறது. நலமான எஞ்சினோடு ஓடும் ஆர்.எக்ஸ்-8 மலைநாட்டு வீதிகளுக்கென்றே அமைந்த காராகத் தோன்றும் என்பது மிகையன்று.

சந்தை நிலையும் கருதத்தக்கது. 2020 மார்ச்சில் வாகன இறக்குமதி நிறுத்தப்பட்டு, தனியார் வாகனங்களுக்கு 2025 பெப்ரவரியில்தான் மீண்டும் திறக்கப்பட்டது. இடைப்பட்ட ஆண்டுகளில் பழைய கார்களின் விலை அவற்றின் நிலையோடு தொடர்பற்று உயர்ந்தது. பயன்படுத்திய கார்களுக்கு வயது வரம்பு உள்ளமையால் இனி ஆர்.எக்ஸ்-8 எதுவும் நாட்டுக்குள் வரப்போவதில்லை, உள்ளவை உள்ளவையே. கொழும்பின் உதிரிப்பாகச் சந்தையான பஞ்சிகாவத்தையில் மஸ்டா ஃபெமிலியா காரின் பாகங்களைத் தேடி எடுப்பது போல ரோட்டரி உறைகளைத் தேடி எடுக்க இயலாது. சீல் தொகுதியை வெளிநாட்டிலிருந்து வரவழைக்கலாம். ஆனால் உறைச் சுவரின் குரோம் பூச்சு உரிந்துள்ளதா, பக்கத் தட்டுகள் கீறப்பட்டுள்ளனவா என்பது எஞ்சினைத் திறந்த பின்னரே தெரியவருமாதலால், திறக்கும் முன் சொல்லப்படும் எந்தச் செலவுத் தொகையும் உறுதியானதன்று. ரோட்டரியைத் திறந்து கட்டிப் பழகிய பாஸ்மார் மிகக் குறைவு. இறக்குவானையிலோ தெரணியகலையிலோ நின்றுபோகும் காரைக் கொழும்புப் பக்கம் கட்டியிழுத்துச் செல்லும் கூலியையும் கணக்கிற் சேர்க்க வேண்டும்.

எஞ்சினைக் கழற்றிவிட்டு வேறொரு பிஸ்டன் எஞ்சினைப் பொருத்தும் யோசனையும் அடிக்கடி முன்வைக்கப்படுகிறது. எஞ்சின் இலக்கம் பதிவுச் சான்றிதழில் இடம்பெறுவதால், மோட்டார் வாகனப் போக்குவரத்துத் திணைக்களத்தில் மாற்றத்தைப் பதியாமல் அவ்வாறு செய்த கார் சட்டப்படி சிக்கலுக்குரியது. ஏற்கனவே மாற்றப்பட்ட காராயின் சான்றிதழிலுள்ள இலக்கத்தையும் எஞ்சினிலுள்ள இலக்கத்தையும் ஒப்பிட்டுப் பார்ப்பது கட்டாயம். அதற்கும் மேலாக, ரோட்டரியின் எடைக்கேற்ப வகுக்கப்பட்ட சமநிலையை இழந்த பின் அக்காருக்கு இத்தனை துன்பம் ஏற்க வேண்டிய நியாயமே இல்லாமற் போகிறது. அடைபட்ட வினையூக்கியை அகற்றிவிட்டு வெற்றுக்குழாய் பூட்டிய காரும் ஆண்டுதோறும் நடைபெறும் புகைப் பரிசோதனையில் தடுமாறும். அச்சான்றிதழ் இன்றி வருமான அனுமதிப்பத்திரத்தைப் புதுப்பிக்க முடியாது. ஆகவே கடைசியாகப் பெற்ற புகைச் சான்றிதழின் எண்களைக் கேட்டு வாங்கிப் பார்ப்பது, எஞ்சினின் உடல்நிலையை அறிவதற்கும் உதவும்.

முடிவு மூன்று நிலைகளாக அமைகிறது. சூட்டில் உடனே ஸ்டார்ட் ஆகி, சூடான நிலையில் எடுத்த ஆறு எண்களும் 750 கிலோபாஸ்கலுக்கு மேல் சீராக இருந்து, கொயில், வினையூக்கி போன்ற வெளிக் கோளாறுகள் மட்டும் உள்ள கார், எஞ்சின் பழுது என்ற பெயரால் விலை குறைந்து கிடைக்குமானால் தயங்காமல் வாங்கத்தக்கது. எண்கள் 680க்கும் 750க்கும் இடையில் நிற்கும் காரை, விரைவில் எஞ்சின் கட்டும் செலவு வரும் என்று அறிந்து, அத்தொகையைக் கையிருப்பில் வைத்திருப்பவர் மட்டும் வாங்கலாம். எல்லைக்குக் கீழே சென்ற, அல்லது அளக்க விற்பவர் சம்மதிக்காத காருக்கு, எஞ்சினே இல்லாத கார் என்று கருதி, உடல், கியர்பெட்டி, சக்கரங்கள் ஆகியவற்றுக்கான விலையை மட்டுமே கொடுக்க வேண்டும். அதற்கு விற்பவர் இணங்காவிடின் விட்டுவிட வேண்டும். லீசிங் கடனில் இம்மூன்றாம் வகைக் காரை எடுப்பது, ஓடாத வாகனத்துக்கு மாதந்தோறும் தவணை கட்டும் நிலைக்கே இட்டுச் செல்லும். வீட்டில் இருக்கப்போகும் ஒரே வாகனம் இதுவென்றால், நோயாளியை நள்ளிரவில் தோட்டத்திலிருந்து இரத்தினபுரி வைத்தியசாலைக்குக் கொண்டுசெல்ல வேண்டிய குடும்பத்துக்கு, முதல் வகைக் காரும் தகுந்ததன்று.

இரத்தினபுரியிலோ அவிசாவளையிலோ உள்ள கராஜ் ஒன்று ரோட்டரி மானி ஒன்றை வாங்கி வைத்தால், இப்பகுதியில் நடக்கும் இத்தகைய கொடுக்கல் வாங்கல்களின் இயல்பே மாறிவிடும். அக்கருவியின் விலை, ஓர் எஞ்சினைத் திறந்து கட்டும் செலவின் சிறு பகுதியே. அளந்து கொடுத்த எண்களோடு விற்கப்படும் நல்ல காருக்கு நல்ல விலை கிடைக்கும், நலிந்த கார் அதற்குரிய விலைக்கு, அதைக் கட்டி எழுப்பும் வசதியும் விருப்பமும் உடையவரிடம் சேரும். அதுவரை, விற்பவரின் சொல்லையும் காலைநேர ஸ்டார்ட்டையும் ஒதுக்கிவிட்டு, பலாங்கொடை வரை ஏறி இறங்கிய எஞ்சினை நிறுத்தி, காத்திருந்து, சாவியைத் திருப்பிப் பார்ப்பதே வாங்குபவர் தம் பணத்துக்குச் செய்யும் குறைந்தபட்சக் காவல்.